‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதி வைத்தால் அரசின் பொறுப்பு நீங்கிவிடுமா?

#1 காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சட்டமும் நீர்நிலைப் பராமரிப்பும் அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். கோடை விடுமுறையில் எங்கள் ஊரை ஒட்டி ஓடும் கொள்ளிடத்தில் குளிக்கப் போன 14 வயதுப் பையன் ஒருவன் மூழ்கி இறந்துபோனான். எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன். ஆற்றில் அன்று ஓடியது முழங்கால் அளவுத் தண்ணீர்தான். கரையிலிருந்து பத்து எட்டு நடந்தவன், பதினோராவது எட்டில் இரண்டு ஆள் ஆழமுள்ள குழிக்குள் போய்விட்டான். சில ஆண்டுகளுக்கு முன் மணல் அள்ளிய இடம் அது. குழியை யாரும் நிரவவில்லை. மேலே தண்ணீர் ஒரே மட்டமாக ஓடுவதால், கீழே அப்படி ஒரு பள்ளம் இருப்பது கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

அங்கே ஒரு பலகை இருக்கிறது. “ஆழமான பகுதி. குளிக்கத் தடை செய்யப்பட்டுள்ளது. மீறிக் குளித்து ஏற்படும் விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல” என்று எழுதியிருக்கிறது. மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். பலகை தார்ச்சாலையைப் பார்த்து நிற்கிறது. ஆற்றுக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையோ சீமைக்கருவேலப் புதருக்கு அந்தப் பக்கமாகச் செல்கிறது. குளிக்க வருகிறவர்கள் சட்டையையும் துண்டையும் அந்தப் பலகையின் மேல்தான் போடுகிறார்கள். அதனால் மேல் வரி தேய்ந்து, “ஆழமான” என்ற சொல்லில் பாதியை ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பையனின் செருப்பும் அந்த இரும்புக் குழாயின் அடியிலேயே கிடந்தது.

அவனுடைய தகப்பனார் கூலி வேலை செய்பவர். அலுவலகத்தில் கேட்டபோது, “பலகை வைத்திருக்கிறோமே, அதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் அத்துடன் திரும்பி வந்துவிட்டார். பலகை இருப்பதாலேயே அரசின் கடமை முடிந்துவிட்டது என்று சட்டம் உண்மையிலேயே சொல்கிறதா? ஒரு வரி எழுதிப் பொறுப்பைக் கழற்றிவிட முடியும் என்றால், எழுதப்பட்டது எச்சரிக்கைதானா என்பதே எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 மன்றாடி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அந்தப் பெற்றோரின் துயரத்தில் பங்கு கொள்கிறேன். நான் மாவட்ட நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்துபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், “பொறுப்பல்ல” என்ற சொற்றொடரையும் “ஆழமான பகுதி” என்ற சொற்றொடரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பின்னது ஆபத்தைத் தெரிவிக்கிறது. அதற்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. முன்னது பலகை நட்டவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட தீர்ப்பு. பொறுப்பு யாருடையது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு, பலகைக்கு இல்லை. எச்சரிக்கையின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டு இடப்பொறுப்பாளர் சட்டத்தில் தெளிவான ஒரு விதி இருக்கிறது. வந்தவருக்கு எச்சரிக்கை தரப்பட்டது என்பதனாலேயே இடத்தின் பொறுப்பாளர் விடுபட மாட்டார். அந்தச் சூழ்நிலையில் அந்த எச்சரிக்கை வந்தவரை நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்கப் போதுமானதாக இருந்ததா என்பதே கேள்வி என்று அந்த விதி சொல்கிறது. நம் நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இது அல்ல. ஆனால் நம் பொறுப்புச் சட்டம் பெரும்பாலும் அந்த வழியில் வந்த பொதுக் கோட்பாடுகளைக் கொண்டே நடப்பதால், அந்தச் சிந்தனை இங்கும் பயன்படும்.

நம் நாட்டில் அரசின் பொறுப்புக்கென்று தனிச் சட்டம் இல்லை என்பதுதான் அடிப்படைக் குறை. அமெரிக்கா 1946இலும் இங்கிலாந்து 1947இலும் அரசின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க வழி செய்து சட்டம் இயற்றிவிட்டன. இந்தியச் சட்ட ஆணையம் 1956இல் கொடுத்த முதல் அறிக்கையே இதைப் பற்றியதுதான். அதன்படி 1960களில் நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவரப்பட்டும் அது சட்டமாகாமல் காலாவதியாகிவிட்டது. இடையில் 1964இல் கஸ்தூரிலால் வழக்கில், அரசு மட்டுமே செய்யக்கூடிய இறையாண்மைப் பணியைச் செய்யும்போது அரசு ஊழியர் செய்த தவறுக்கு அரசு பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நிழல் நெடுங்காலம் நீடித்தது.

ஆனால் அதற்குப் பிந்தைய தீர்ப்புகள் அந்த நிழலைப் பெருமளவு சுருக்கிவிட்டன. டில்லி சாந்தினி சௌக்கில் இருந்த நகராட்சி மணிக்கூண்டு 1951இல் இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்ட வழக்கில், பொது இடத்தை ஒட்டிய கட்டடத்தின் மறைந்திருக்கும் பழுதுக்கும் அதன் உடைமையாளர் பொறுப்பு என்று 1966இல் தீர்ப்பு வந்தது. 1993இல் நீலபதி பெஹரா வழக்கில், உயிர் வாழும் உரிமையை அரசு மீறினால் இழப்பீடு தர வேண்டும், அங்கே இறையாண்மைப் பாதுகாப்பைக் காட்டித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே கதவு மூடியிருக்கவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் கேள்வி. அதைப் பின்னர் எழுதுகிறேன்.

#3 ஏழுகுளத்தான்

இரண்டு முறை ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தவன் என்பதால் மறுபக்கத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அந்தப் பையனின் சாவு எனக்கும் வருத்தம் தருகிறது; என் பேரனுக்கும் அதே வயது.

எங்கள் ஊராட்சியில் ஏழு குளங்களும் இரண்டு கல்குவாரிப் பள்ளங்களும் உள்ளன. எல்லாவற்றையும் சுற்றிக் கம்பிவேலி போடுவதென்றால் ஊராட்சியின் ஓராண்டு நிதி முழுவதும் போதாது. ஒரு பள்ளத்துக்கு முள்வேலி போட்டோம். ஆடு மேய்ப்பவர்கள் ஒரு வாரத்தில் வழி ஏற்படுத்திக்கொண்டார்கள். பலகையைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டவர்களும் உண்டு. எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்தக் குளங்களில்தான் ஊரே குளித்தது. நீந்தத் தெரியாத பிள்ளை அப்போது ஊரில் கிடையாது. ஒவ்வொரு சாவுக்கும் ஊராட்சி இழப்பீடு தர வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கினால், எந்த அலுவலரும் செய்யக்கூடியது ஒன்றுதான்: எல்லாப் படித்துறைகளையும் அடைத்து, எல்லா இடங்களிலும் “தடை” என்று எழுதி வைப்பது. அதனால் குளிப்பவர்கள் குறையப்போவதில்லை. பாதுகாப்பான துறையை விட்டுவிட்டு ஆளரவம் இல்லாத இடத்தைத் தேடிப் போவார்கள். தனிமனிதனுக்கும் பெற்றோருக்கும் பொறுப்பு இல்லையா என்ற கேள்வியையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

#4 சிட்னித்தமிழன்

ஏழுகுளத்தான் ஐயா எழுப்பிய கேள்வியை இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றமே நேரடியாக எதிர்கொண்டிருக்கிறது. அந்த வழக்கை எடுத்துச் சொல்வது இங்கே பயன்படும் என்று நினைக்கிறேன்.

செஷயர் பகுதியில் பழைய மணல் குவாரி ஒன்றைக் காங்கிள்டன் நகர மன்றம் ஏரியும் பூங்காவுமாக மாற்றியிருந்தது. “ஆபத்தான நீர். நீந்தக் கூடாது” என்ற பலகைகள் இருந்தன, காவலர்கள் சுற்றிவந்து சொல்லியும் வந்தார்கள். வெயில் நாட்களில் மக்கள் கேட்கவில்லை. பலகையால் பயனில்லை என்பதை மன்றமே உணர்ந்து, மணற்கரைகளை மண்ணால் மூடி நாணல் நட்டுவிடலாம் என்று திட்டமிட்டது. ஆனால் நிதி ஒதுக்குவது தள்ளிப்போனது. 1995 மே மாதத்தில் 18 வயது இளைஞர் ஒருவர் முழங்காலுக்குச் சற்று மேலான நீரில் நின்றபடி முன்னால் பாய்ந்தார். தலை அடிமணலில் மோதிக் கழுத்தெலும்பு முறிந்து, கைகால் செயலிழந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் பங்கு மூன்றில் இரண்டு என்று கழித்துவிட்டு, மன்றத்தையும் பொறுப்பாக்கியது. அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 2003இல் அதை மாற்றியது. ஏரியில் மறைந்திருந்த ஆபத்து எதுவும் இல்லை, ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாய்வது ஆபத்து என்பது வயது வந்த எவருக்கும் தெரியும், அதற்காக மணற்கரையை அழித்துவிட்டால் அங்கே அமைதியாகப் பொழுதுபோக்க வரும் பிறரின் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்பதே அதன் காரணம். ஐயாவின் அச்சத்தைத்தான் அந்தத் தீர்ப்பும் சொல்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பு நிற்கும் அடித்தளத்தைக் கவனியுங்கள். நீரின் தன்மை கண்ணுக்குத் தெரிந்தது. அடிப்பரப்பில் எதிர்பாராத பள்ளமோ பாறையோ இல்லை. வந்தவர் விவரம் தெரிந்த வயதினர். இந்த மூன்றில் ஒன்று மாறினாலும் விடை மாறிவிடும். நான் வாழும் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்கு எதிரே ராட்னஸ்ட் என்ற தீவு இருக்கிறது. குளிக்க ஏற்ற இடம் என்று நிர்வாகமே விளம்பரப்படுத்திய ஓரிடத்தில், பாறை விளிம்பிலிருந்து பாய்ந்த ஒருவர் நீருக்கடியில் இருந்த பாறையில் மோதி முடமானார். எச்சரிக்காத நிர்வாகம் பொறுப்பு என்று 1993இல், எங்கள் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது. பிற்பாடு காப்பீட்டுச் செலவு ஏறியதாலும் மாநகராட்சிகள் முறையிட்டதாலும், நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிப்படையான ஆபத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியதில்லை, பொழுதுபோக்குச் செயலுக்கு முறையான எச்சரிக்கை தரப்பட்டிருந்தால் பொறுப்பும் இல்லை என்று அது அரசுக்கு ஆதரவாகவே சாய்கிறது. அப்படிச் சாய்ந்த சட்டமே கூட, அந்தச் செயலில் இறங்குவதற்கு முன் மக்களுக்குச் சென்றுசேரும் வகையில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்திருக்கிறது. தன்னந்தனியாக வந்த சிறு பிள்ளைக்கு எதிராக அந்த எச்சரிக்கையைக் காட்ட முடியாது என்றும் சொல்கிறது. ஆசிரியர் எழுதிய பலகை, அரசுக்கு மிகவும் இணக்கமான இந்தச் சட்டத்தின் முன்னாலும் தேறாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

#5 மதகடி

நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் 31 ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சிட்னி நண்பர் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து, மறைந்த ஆபத்து என்று பிரித்தார். ஆறுகளைப் பொறுத்தவரை மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஆள் இறங்கும்போது இல்லாமல், அவர் நீரில் நிற்கும்போது வந்துசேரும் ஆபத்து அது. அந்த ஆபத்தின் சாவி அரசின் கையிலேயே இருக்கிறது.

2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஐதராபாத்திலிருந்து சுற்றுலா வந்த பொறியியல் மாணவர்கள் மணாலிக்குப் போகும் வழியில், மண்டி மாவட்டத்தில் ஆற்றில் இறங்கிப் பாறைகளின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே 126 மெகாவாட் திறனுள்ள லார்ஜி நீர்மின் திட்டத்தின் மதகுகள் திறக்கப்பட்டன. இந்த வகைத் திட்டங்களில் பெரிய நீர்த்தேக்கம் கிடையாது. மின் உற்பத்தியைக் குறைத்தால், சுரங்கத்தின் வழியே போக வேண்டிய நீரை மதகு வழியாக ஆற்றில் விட்டே ஆக வேண்டும். சில நிமிடங்களில் நீர்மட்டம் ஏறியது. 24 மாணவர்களும் உடன் வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். இமாச்சல உயர் நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டு, அதில் 60 விழுக்காட்டை மின்வாரியமும் 30 விழுக்காட்டைக் கல்லூரியும் 10 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க வேண்டும் என்று பிரித்தது. பிள்ளைகளை அழைத்து வந்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை நீதிமன்றம் மறக்கவில்லை. ஆனாலும் பெரும்பங்கு மதகின் சாவி வைத்திருந்தவர் மேல்தான் விழுந்தது.

எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம் இடத்துக்கு இடம் மாறும் என்பதை அதிகாரிகளே பல நேரங்களில் மறந்துவிடுகிறார்கள். 2023இல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு, கல்லணை ஜூன் 16 அன்று திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் கரையோர ஊர் ஒவ்வொன்றுக்கும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்ல நேரம் இருக்கிறது. ஒரு கதவணைக்கு அரைக் கிலோமீட்டர் கீழே குளிப்பவனுக்கோ சில நிமிடங்கள்தான் உண்டு. அவனுக்குப் பலகை எந்த வகையிலும் உதவாது. சங்கொலிதான் உதவும், அந்தச் சங்கொலி எதைக் குறிக்கிறது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நான் இளநிலைப் பொறியாளராக இருந்த ஓர் அணையில் நடந்ததைச் சொல்கிறேன். மதகைத் திறப்பதற்கு முன் மூன்று முறை சங்கு ஊத வேண்டும் என்பது விதி. ஒருநாள் அதிகாலை உபரிநீர் திறக்க உத்தரவு வந்தபோது, பொத்தானை அழுத்தியும் சங்கு ஊதவில்லை. மின்கம்பியை எலி கடித்திருந்தது. கீழே துறையில் பெண்கள் துணி துவைக்கும் நேரம். எங்களிடம் லஸ்கராக (கரைக் காவல் ஊழியராக) இருந்த பெரியவர் சொன்னார்: “ஐயா, நான் போய்ச் சேர்ந்து இந்தத் துண்டை ஆட்டுகிற வரைக்கும் ஷட்டரில் கை வைக்காதீர்கள்.” சைக்கிளை எடுத்துக்கொண்டு கரை வழியே போனார். இருபது நிமிடங்கள் கழித்து, தூரத்தில் சிவப்புத் துண்டு ஆடியது. அதன் பிறகுதான் ஷட்டரை ஓரடி தூக்கினோம். அந்த இருபது நிமிடத் தாமதத்துக்கு மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தது. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் அதே விளக்கத்தைத்தான் எழுதுவேன்.

#6 நெய்தல்கரை

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்தவள் நான். ஆற்றைப் பற்றியே பேச்சு போகிறது. கடலில் இந்த மறைந்த ஆபத்து இன்னும் கொடியது.

கள்ளக்கடல் என்ற சொல்லை எங்கள் பகுதி மீனவர்களும் கேரளத்து மீனவர்களும் வழங்குவார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ வீசிய புயலால் எழுந்த நீண்ட அலைகள், பல நாட்கள் பயணம் செய்து இங்கே வந்து கரையேறும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிந்திருக்கும்போதே கடல் திடீரென்று கரைக்கு மேல் ஏறி, திரும்பும்போது நிற்பவரை இழுத்துக்கொண்டு போகும். திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே கணித்து அறிவிக்கிறது. 2024 மே மாதத் தொடக்கத்திலும் அப்படி அறிவித்திருந்தது. ஆனாலும் மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில், திருமணத்துக்கு வந்திருந்த வெளியூர்ப் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள்.

எங்கள் ஊர் மீனவர்கள் அன்று கட்டுமரத்தைக் கூட மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். அறிவிப்பு எங்களுக்கு வந்துசேர்ந்தது. கோயில் ஒலிபெருக்கியிலும் வட்டாரத்து வாட்சப் குழுக்களிலும் சொன்னார்கள். விருந்தாளியாக வந்த பிள்ளைகள் எந்தக் குழுவில் இருந்திருப்பார்கள்? எச்சரிக்கை வெளியிடப்பட்டது என்பதும், ஆபத்தில் நின்றவர் காதுக்கு அது போய்ச் சேர்ந்தது என்பதும் வேறு வேறு என்று நான் நினைக்கிறேன். படித்தவர்களே இப்படிப் போனார்கள் என்று அந்த நாளில் சிலர் குறை சொன்னபோது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. படிப்பு கடலை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. நிரந்தரமாக நடப்பட்ட பலகை எந்த நாளும் ஒரே வாசகத்தைத்தான் சொல்லும். கடல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்போது, அந்தந்த நாளைக்குத் தக்கபடி மாறும் கொடியும், அதை ஏற்றி இறக்க அதே ஊரைச் சேர்ந்த ஓர் ஆளும் இருக்க வேண்டும். எங்கள் ஊர் இளைஞர்களுக்கு அந்தச் சம்பளத்தைக் கொடுத்தால் போதும், கரையை அவர்கள் காப்பார்கள்.

#7 தென்காசிச் சாரல்

நெய்தல்கரை அம்மா சொன்னது எங்கள் குற்றாலத்துக்கும் பொருந்தும். பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. ஆர்ச் என்றுதான் சொல்லுவோம். தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழத் தொடங்கினால் உடனே குளிக்கத் தடை. காவலர்கள் விசில் ஊதி அனைவரையும் வெளியேற்றுவார்கள். எழுத்தறியாதவருக்கும், எந்த மாநிலத்திலிருந்து வந்தவருக்கும் அது புரியும். தண்ணீரே தன் அளவைக் காட்டும் அடையாளம் அது என்பதுதான் அதன் சிறப்பு. அதே சமயம், 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் சில நொடிகளில் பாய்ந்து வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதையும் மறக்க முடியவில்லை. மழை பெய்தது மேலே மலையில். கீழே குளித்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை. மலைமேல் நீர்வரத்தை அளந்து கீழே ஒலி எழுப்பும் கருவி இல்லாவிட்டால், கண்ணால் பார்த்து வெளியேற்றும் முறை அங்கே பயன்படாது.

#8 ஏழுகுளத்தான்

மேலே எழுதியவர்களின் பதிவுகளை இரண்டு முறை படித்தேன். என் கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன். குளத்தில் ஆழம் இருக்கும் என்பது ஊரில் எவருக்கும் தெரியும். அதில் தவறி விழுந்த ஒவ்வொருவருக்கும் ஊராட்சி பொறுப்பு என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் ஆற்றின் நடுவில் அள்ளிவிட்டுப் போன குழி குளத்தின் ஆழத்தைப் போன்றது அல்ல. அதை மனிதர்கள் தோண்டினார்கள், அதற்குக் கணக்கும் அனுமதியும் இருந்திருக்கும். தோண்டியவர் மூடாமல் போனதற்குப் பலகை ஈடாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் மன்றாடி அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊராட்சியோ நகராட்சியோ ஒரு நீர்நிலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டால், பொறுப்பும் அவரிடம் போய்விடாதா? எங்கள் காலத்தில் அப்படித்தான் நம்பினோம்.

#9 மன்றாடி

போகாது, ஐயா. 1993 ஆகஸ்ட் 11 அன்று வடோதரா மாநகராட்சிக்குச் சொந்தமான சூர்சாகர் ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 20 பேர் ஏற வேண்டிய படகில் 38 பேர் ஏற்றப்பட்டிருந்தார்கள். படகை ஓட்டியது ஒப்பந்த நிறுவனம், நாங்கள் இடத்தைத்தான் கொடுத்தோம் என்று மாநகராட்சி வாதாடியது. மக்கள் பாதுகாப்புக்கான கவனக் கடமை மாநகராட்சிக்கு உண்டு, ஒப்பந்தம் கொடுத்துவிட்டதால் அந்தக் கடமை அகலாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடையே 21 ஆண்டுகள். எனக்கு நெஞ்சு பொறுக்காத செய்தி என்னவென்றால், அதே வடோதரா நகரில், ஒப்பந்தத்துக்கு விடப்பட்டிருந்த ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று மறுபடி படகு கவிழ்ந்து, பள்ளிச் சுற்றுலா வந்த 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். தீர்ப்பு ஏட்டில் இருந்தது. அதை நடைமுறையாக்கும் ஆள் படகுத்துறையில் இல்லை.

எல்லா வழக்கிலும் அரசு தோற்கும் என்றும் சொல்லமாட்டேன். ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், மாநகராட்சி பொறுப்பல்ல என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மரம் விழும் நிலையில் இருப்பது மாநகராட்சிக்குத் தெரியும் என்று காட்டப்படவில்லை. ஆகவே எல்லாம் வந்து நிற்பது ஓரிடத்தில்: ஆபத்து இருப்பது அவர்களுக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா?

ஆசிரியர் ஐயா, இந்த இடத்தில்தான் உங்கள் பலகை தகப்பனாருக்கு உதவும். “ஆழமான பகுதி” என்று எழுதியவர், ஆழம் இருப்பது தனக்குத் தெரியும் என்பதை எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அறியாமை என்ற எதிர்வாதம் அத்துடன் போய்விடுகிறது. கிளாஸ்கோ நகராட்சியின் தாவரவியல் பூங்காவில் 7 வயதுப் பிள்ளை, பார்ப்பதற்குப் பழம் போலிருந்த பெல்லடோனா காய்களைத் தின்று இறந்த வழக்கில் 1922இலேயே இந்த வழியில்தான் முடிவு சென்றது. அது நஞ்சு என்று நகராட்சிக்குத் தெரியும்; பிள்ளைக்குத் தெரியாது; பிள்ளை அணுக முடியாதபடி தடுக்கவோ, அதற்குப் புரியும்படி எச்சரிக்கவோ இல்லை. உங்கள் வழக்கில் குழி தானாக ஏற்படவும் இல்லை. தமிழ்நாட்டில் 2003 முதல் ஆற்றுமணல் குவாரிகளை அரசே நடத்தி வருகிறது. அங்கே நடந்தது அரசுக் குவாரி என்றால், எவ்வளவு ஆழம் வரை அள்ளலாம் என்ற வரம்பு அனுமதியிலேயே இருக்கும். திருட்டு மணல் என்றால், அதைத் தடுக்காமல் விட்டதும் பள்ளம் தெரிந்தபின் மூடாமல் விட்டதும் கேள்வியாகும்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். இறப்பு தொடர்பான இழப்பீட்டு வழக்குக்கு 1855ஆம் ஆண்டு உயிரிழப்பு விபத்துச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுகள்தான் கால வரம்பு. அரசின் மீது வழக்குத் தொடுக்கும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி அறிவிப்பு கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) மனுவும் போடலாம். ஆனால் உண்மைகள் மறுக்கப்பட்டால், சாட்சியம் எடுக்க உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லக்கூடும். அதற்கு முன்னதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அந்தப் புல எண்ணில் மணல் எடுக்க அனுமதி தரப்பட்டதா, ஆழ வரம்பு என்ன, பலகை எந்தத் தேதியில் எந்தக் கடிதத்தின்படி நடப்பட்டது, அதே இடத்தில் இதற்கு முன் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மிகவும் முக்கியம். அத்துடன், அடுத்த மழைநீர் வந்து ஆற்றின் அடிப்பரப்பை மாற்றுவதற்கு முன் குழியை அளந்து படம் எடுத்து வையுங்கள். தகப்பனாருக்கு வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். நானும் உதவ அணியமாக இருக்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பையனுக்கு 14 வயது என்பதால், விவரம் தெரிந்த வயதுதானே என்று அரசுத் தரப்பு கேட்கும். நீந்தத் தெரியாமல் ஏன் இறங்கினான் என்றும் கேட்கும். அவன் பங்கு என்று ஒரு பகுதியைக் கழிக்கவும் கூடும். தகப்பனாரை அதற்கு மனத்தளவில் தயார்ப்படுத்துங்கள்; மகனைக் குறை சொல்லும் அந்தச் சொற்களை நீதிமன்றத்தில் முதன்முறையாகக் கேட்பது மிகவும் கொடுமையானது.

#10 மதகடி

அளப்பதைப் பற்றி ஒரு குறிப்பு. இடுப்பில் கயிறு கட்டாமலும், கரையில் இரண்டு பேர் அந்தக் கயிற்றைப் பிடிக்காமலும் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். குழியின் ஓரம் சரிந்து சரிந்து வரும். நேற்று தரையாக இருந்த இடம் இன்று இருக்காது. மூங்கில் கழியில் அடிக்கு ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் நிலையான ஒரு கல்லிலிருந்து தூரத்தையும் குறியுங்கள்.

#11 காவிரிக்கரை

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மதகடி ஐயா சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் மீனவர்கள் இருவரின் பரிசலில் போய் அளந்தோம். 12 அடி மூங்கில் கழி அடியைத் தொடவில்லை. குழியின் விளிம்பு, பலகையின் குழாயிலிருந்து 41 அடி தூரத்தில் இருக்கிறது. ஒற்றையடிப் பாதையில் நின்று, பலகை இருக்கும் திசையைப் பார்த்து எடுத்த படத்தில், புதரும் பலகையின் வெறும் பின்பக்கத் தகரமும்தான் தெரிகின்றன. அந்தப் படத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. படித்துறை அருகே தேநீர்க் கடை வைத்திருக்கும் அம்மா, அதே இடத்தில் முன்பும் இரண்டு பேர் போனதாகச் சொன்னார். அதன் பிறகுதான் பலகை வந்தது என்றார். மன்றாடி ஐயா கடைசியாகக் கேட்கச் சொன்ன கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு முழுவதுமாக விளங்கியது.

தகப்பனாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். மகனைக் குறை சொல்வார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், “அந்தக் குழியை மூடச் சொல்லி அதில் எழுத முடியுமா சார்?” என்று மட்டும் கேட்டார். தகவல் கேட்கும் மனுவுடன், குழியை நிரவக் கோரி மாவட்ட ஆட்சியருக்குத் தனி மனு ஒன்றும் எழுதினோம். தகவல் மனுவில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இரண்டையும் நேற்றுப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். பதிலுக்கு 30 நாள் கெடு. அதுவரை பாதை இறங்கும் இடத்தில் ஊர்ப் பிள்ளைகள் குறுக்கே சவுக்குக் கழிகளைக் கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டிருக்கிறார்கள். பதில் வந்ததும் இந்த இழையிலேயே எழுதுகிறேன்.